2603-இல் பிறந்த பெரியம்மா
பெஸ்தாரி ஜெயாவில் ஒரு குடும்பத்தின் வேர் தேடிய கதை: நிகழ்வு ஆய்வு

குடும்ப வேரைத் தேடி வந்த பேத்தி ஒருத்தி என் மேசையில் விரித்த பிறப்புப் பத்திரத்தில் ஆண்டு 2603 என்று மையால் எழுதியிருந்தது. "தோட்டத்துக் குமாஸ்தா, அதான் கிராணி, தூக்கக் கலக்கத்துல எழுதிட்டாராம் சார். பாட்டி இன்னும் பொறக்கவே இல்லன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவோம்," என்றாள். அதற்குக் கீழே அப்பா பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இதுவும் தப்புதான். பாட்டியோட அப்பா பேரு கோவிந்தன். இதுல ஏழுமலைன்னு இருக்கு. அதனாலதான் இந்தப் பத்திரத்த யாரும் வெளிய எடுக்கறதே இல்ல," என்றாள்.

அந்த ஒரு தாளில்தான் எல்லாமே இருந்தது. அது எனக்கே உறைக்க இரண்டு மாதம் ஆனது. அதனால்தான் இந்த வழக்கை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பாட்டியை இங்கே பெரியம்மா என்றே குறிப்பிடுகிறேன். எனக்கு உறவில்லை, தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஏழுமலை, கோவிந்தன் இரண்டும் நான் வைத்த பெயர்கள். அசல் பெயர்களும் இதே வட்டாரச் சாயல் கொண்டவைதான். தோட்டத்தின் பெயரையும் தமிழ்நாட்டு ஊரின் பெயரையும் எழுதவில்லை. பெரியம்மா இருக்கும் ஊரைச் சொல்வதில் தடையில்லை. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த, இன்னமும் எங்கள் வாயில் பெர்ஜுந்தையாகவே வரும், மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா அது. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) நட்ட தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான். பிரெஞ்சுத் துரை நட்டது செம்பனை, தோட்டத்தின் பெயரோ தமிழில் தென்னைமரம். இந்த வட்டாரத்தில் பெயர்களை நம்பி எதையும் தேட முடியாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

பேத்தி ஷா ஆலாமில் வேலை செய்கிறாள். தோழி கல்யாணத்துக்காகச் சென்னை போக டிக்கெட் எடுத்திருந்தாள். "அப்படியே காஞ்சிபுரம் போய் நம்ம ஊரைப் பாத்துட்டு வரணும்" என்பது அவள் ஆசை. ஏன் காஞ்சிபுரம்? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியம்மாவின் அப்பா கோவிந்தன் அடிக்கடி "எங்க ஊரு பட்டு" என்பாராம். பட்டு என்றால் காஞ்சிபுரம்தானே! நெசவாளர் குடும்பம், பஞ்சத்தில் தறியை விற்றுவிட்டுக் கப்பலேறியது என்றுகூட ஒரு கதை உருவாகியிருந்தது. எந்தக் கப்பல்? ரஜூலா. அதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

கையில் இருந்தவை ஒரு மைலோ டின்னுக்குள் அடங்கின. அந்தப் பிறப்புப் பத்திரம். பெரியம்மாவின் அம்மாவுடைய சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய அடையாள அட்டை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய உறுப்பினர் அட்டை ஒன்று. ஸ்டூடியோ கோட்டு மாட்டி கோவிந்தன் நிற்கும் படம். பெரியம்மாவின் 1961 கல்யாணத்து மொய் நோட்டு. டின்னின் துரு நோட்டின் ஓரத்தில் இறங்கி, தாள் பொரிந்த அப்பளம் மாதிரி இருந்தது. சிவப்பு ஐ.சி.யை யாரோ பாசத்தில் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தார்கள். சூட்டில் மை பரவிப் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் போயே போய்விட்டது. பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள் என்று நான் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

வீணாய்ப் போன வாரங்கள்

முதலில் கப்பல் பட்டியலைத் தேடினோம். பேத்தியின் ஆசை அது, நானும் தலையாட்டினேன். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழர்கள் கொள்ளுத்தாத்தாவின் ஊர், தாலுகா, சாதி, உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் கண்டுபிடித்திருப்பதை அவள் பார்த்திருந்தாள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 152,184 பேரின் கப்பல் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. பிஜித் தீவுக்கும் ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு உண்டு. மலாயாக் கதை வேறு. இங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த பெருங்கூட்டம் கங்காணி முறையில் வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே துரை லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தன் சொந்தக்காரன், பக்கத்துத் தெருக்காரன், மச்சான், பங்காளி என்று திரட்டி ஆவடி அல்லது நாகப்பட்டினம் டிப்போ வழியாகக் கூட்டி வருவார். 1907-இல் தொடங்கிய இந்தியக் குடியேற்றக் குழுவின் நிதியில் டிக்கெட். ஆளுக்கொரு ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது, ஆகவே ஆளுக்கொரு சீட்டும் கிடையாது. நேட்டால் பட்டியல் மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுசு போய்விடும். இது தெரிந்தும் நான் இரண்டு வாரம் விட்டேன். பேத்தி ஆர்வத்தில் இருந்தாள், எனக்கு மனசு வரவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் கிடைத்த ஒரே பயன் ரஜூலா கதை உடைந்ததுதான். பெரியம்மாவின் அம்மா இடுப்புக் குழந்தையாக வந்தவர் என்பதை வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஐ.சி.யில் கடைசி இலக்கம் அழிந்திருந்தாலும் முந்தைய இலக்கம் தெளிவாக 1910-களைக் காட்டியது. ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல். ஏழு வயசாவது ஆகியிருக்கும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டா கப்பலேறினார்கள் என்று கேட்டபோது பேத்தி சிரித்துவிட்டாள். 1970-கள் வரை ஓடிய கப்பல் அது. போக்குவரத்தாக ஊருக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் அதில் ஏறியதால், நம் வீடுகளில் கப்பல் என்றாலே ரஜூலா ஆகிவிட்டது.

தோட்ட ஆபீஸ் அடுத்தது. செக்ரோல் (ஆள் வருகை, சம்பளக் கணக்கு) புத்தகங்கள் இருந்தால் கங்காணி பெயரோடு ஆள் பெயர் இருக்கும். தோட்டம் இதற்குள் மூன்று கை மாறியிருந்தது. இப்போதைய நிர்வாகத்தில் ஒரு இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பழைய ஸ்டோரைக் காலி செய்தபோது கறையான் அரித்த ரெஜிஸ்டர்களைக் குழி வெட்டி எரித்துவிட்டார்களாம். "அதுல என்ன சார் இருக்கப் போவுது?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு தப்பியிருந்தது. பெரியம்மா பெயர் இருந்தது, தகப்பனார் கோவிந்தன், லயம் (தொழிலாளர் வரிசை வீடு) நம்பர் 4. அவ்வளவுதான். நடுவில் பேத்தியின் அண்ணன் எச்சிலை டப்பாவில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினான். தென்னிந்தியா என்று பதில் வந்தது. அதற்கு எச்சில் தேவையில்லை.

ஒரு தாளில் இரண்டு பிழையா?

ஒரு ராத்திரி ஜப்பான்காரன் காலத்துத் தபால் தலைகள் இருந்த ஆல்பத்தை என் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். மலாயாத் தலைகளின் மேல் ஜப்பானியர் அச்சடித்த 2602 என்ற எண் கண்ணில் பட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர்கள் தங்கள் முதல் சக்கரவர்த்தியிலிருந்து எண்ணும் ஆண்டு அது. 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு. 2603 என்றால் 1943. கிராணி தூங்கவில்லை. தனக்கு மேலே இருந்த அரசாங்கம் சொன்ன ஆண்டை ஒழுங்காக எழுதியிருக்கிறார்.

தேதியில் அவ்வளவு கவனமாக இருந்த ஆள் அப்பா பெயரை மட்டும் கோட்டை விட்டிருப்பாரா?

இங்கேதான் என் தேடல் திரும்பியது. ஒரு தாளில் ஒரு பிழை இருந்தால் எழுதினவன் மேல் பழி போடலாம். இரண்டு இருந்தால், தாள் சரியாக இருந்து நம் கதை தப்பாக இருக்குமோ என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். எழுத்துப் பிழைகள் தோட்டத்தில் சகஜம். ழகரம் ஆங்கில எழுத்துக்குள் போய்த் திரும்பினால் ஏழுமலை எலுமலை ஆவார், யேலுமலாய் ஆவார். ஆனால் எந்தக் கிராணிக்கும் கோவிந்தன் ஏழுமலையாகக் காதில் விழாது.

பெரியம்மாவின் ஐ.சி.யில் அனாக் பெரெம்புவான் (மகள்) என்பதற்குப் பின்னால் கோவிந்தன் என்று இருப்பது இதை மறுக்கவில்லை. அவசரகாலத்தில், 1948-இல் அடையாள அட்டை வந்தது, பன்னிரண்டு வயது ஆனவர்கள் எடுக்க வேண்டும். பெரியம்மாவுக்கு 1955-இல் அந்த வயது. வீட்டில் அப்போது அப்பாவாக இருந்தவர் யாரோ அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆக 1943-இல் ஒரு பெயர், 1955-இல் இன்னொரு பெயர். நடுவில் என்ன நடந்தது?

1943 என்றதுமே தோட்டப்புறத்து ஆளுக்கு நெஞ்சில் ஒன்று இடிக்கும். எனக்கும் இடித்தது. பேத்தியிடம் அன்று சொல்லவில்லை.

மணிலா அட்டை

வயதானவர்களிடம் வருஷம் கேட்கக் கூடாது. நான் கேட்பதில்லை. ஒரு பெரிய மணிலா அட்டையைத் தரையில் விரித்து, "உங்க லயம் எப்படி இருந்துச்சு, வரைஞ்சு காட்டுங்க" என்று பென்சிலைக் கையில் கொடுத்துவிடுவேன். பெரியம்மா முதலில் வெட்கப்பட்டார். "எனக்கு ஐ.சி.யில கையெழுத்துப் போடறதே கஷ்டம் வாத்தியாரே." பிறகு ஒரு கோடு போட்டார். அது தண்ணிக் குழாய். குழாயிலிருந்து வாசல்கள் ஒவ்வொன்றாக வந்தன. இது ஆயாக்கொட்டகை, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இடம். இது பெரட்டுக்களம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். இது மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் போட்டு நிறுத்தினார்.

"இது என்ன பெரியம்மா?"

"எங்க சாமி. வேப்பமரத்தடியில ஏழு கல்லு. அப்பாதான் சுண்ணாம்பு அடிச்சு வப்பாரு. வாழ்முனி, செம்முனின்னு பேரு சொல்லுவாரு. மத்த பேரு மறந்துபோச்சு. பச்சையம்மான்னு கும்புடுவோம்."

பச்சையம்மனும் ஏழு முனிகளும் விழுப்புரம், திருவண்ணாமலை, ஆற்காடு பக்கத்துக் குலசாமிகள். ஏழுமலை என்ற பெயரும் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடைக்கும். காஞ்சிபுரத்தை இது முற்றாகத் தள்ளவில்லை, வட மாவட்டம் என்பதை மட்டும் சொன்னது. அடுத்து வந்ததுதான் தள்ளியது. கோவிந்தன் ஊரைப் பற்றி வேறு என்ன பேசுவார் என்று கேட்டேன். பெரியம்மா யோசித்து, அவர் குரலையே எடுத்துக்கொண்டு சொன்னார்: "தை பொறந்துச்சுன்னா, 'இந்நேரம் பட்டுல அறுப்பு முடிஞ்சிருக்கும்'பாரு."

பட்டில் அறுப்பா? பேத்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தறியில் என்ன அறுப்பு? தென்னாற்காட்டுப் பக்கம் எத்தனை ஊர்கள் பட்டு என்று முடிகின்றன! மேல்பட்டு, கீழ்ப்பட்டு, புதுப்பட்டு. அவர் சொன்னது சேலையை அல்ல, ஊரை. இத்தனை வருஷமும் குடும்பமே ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் நின்றிருக்கிறது.

அன்று மாலை, அட்டையைச் சுருட்டும்போது, பெரியம்மா தானாக ஒன்றைச் சொன்னார். ஆடி அமாவாசைக்கு அம்மா எப்போதும் ஒரு இலை கூடுதலாகப் போடுவாராம். யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "வழியில போனவங்களுக்கு" என்று பதில். கோவிந்தன் அந்த இலைக்கு மட்டும் தன் கையால் கள் வைப்பாராம்.

லயத்தில் பன்னிரண்டு வாசல்களில் ஒன்பதுக்குப் பெயர் கிடைத்தது. இப்போது மொய் நோட்டை எடுத்தோம். தோட்டத்து மொய் நோட்டை வெறும் கணக்கென்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை நிதானமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெயர், தோட்டம், வெள்ளி (பணம்) என்று மூன்று பத்தி. இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, ஒரு துண்டு வேட்டி. எழுதியவர் யாரோ கைபழகிய கணக்குப்பிள்ளை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக மாமன், சம்பந்தி என்று குறித்திருந்தார். நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் "ஊரான்" என்று இருந்தது. கங்காணி கொண்டுவந்த கூட்டம் ஒரே ஊர்க் கூட்டம் என்றால், எனக்கு ஏழுமலையைத் தேடவே வேண்டாம். அந்த நான்கு ஊரான்களில் ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்தால் போதும்.

மூன்று பெயர்கள் போன இடம் தெரியவில்லை. 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் இல்லாமல் ஊர் திரும்பியவர்களில் இருக்கலாம். நான்காமவரின் மகன் ஈஜோக்கில் மகளோடு இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர்.

ஈஜோக்கில் ஒரு சாயங்காலம்

பெரியம்மாவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று பேத்தியும் நானும் ஒரு வாரம் பேசினோம். முதலில் நாங்கள் போய்க் கேட்டு, பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்பது அவள் கட்சி. அது பெரியம்மாவின் அப்பா பற்றிய சேதி, அவருக்கு முன்னால் நமக்குத் தெரிவது முறையில்லை என்பது என் கட்சி. எதைச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தயாரித்து வைத்திருந்த பேச்சுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போனது. பெரியவர் வாசல் நாற்காலியில் இருந்து பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். தோட்டத்துப் பெயரையும் அம்மா பெயரையும் கேட்டார். உடனே, "அட, நீ ஏழுமலை அண்ணன் பொண்ணா!" என்றார்.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் பெரியவரின் நினைவு எவ்வளவு கெட்டி என்று சோதித்தேன். சைக்கிளில் போகும்போது துரையைக் கண்டால் இறங்கி நின்றது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. "எங்கப்பா அதுக்காகவே சைக்கிள உருட்டிக்கிட்டே போவாரு, ஏறவே மாட்டாரு," என்றார். வேலைநிறுத்தம் வேறு, ஜப்பான்காரன் வந்தது வேறு என்று வரிசை பிசகாமல் சொன்னார். நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

அவர் சொன்னதன் சாரம்: ஒரு நாள் பெரட்டுக்களத்தில் லாரி நின்றது. மூணு மாச வேலை, சம்பளமும் அரிசியும் உண்டு என்றார்கள். லயத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. ஏழுமலைக்குக் கைக்குழந்தை இருந்தது. பெயர் கொடுத்த தண்டலுக்கு (வேலை மேற்பார்வையாளருக்கு) அதெல்லாம் கணக்கில்லை. சயாமுக்குப் போனவர்களில் அந்த லயத்துக்கு இரண்டே பேர் திரும்பினார்கள், கோவிந்தன் அதில் ஒருவர். ஏழுமலை வயிற்றுப்போக்கில் முகாமிலேயே போய்விட்டதாக வந்து சொன்னார். ஏழுமலையும் அவரும் ஒரே ஊர், பங்காளிகள். ஒரு வருஷம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, கோவிந்தன் அந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொண்டார்.

ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களில் இருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காஞ்சனபுரிக் கல்லறையில் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கல் வரிசையாக இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. ஏழுமலை என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு இந்த நாட்டில் எழுத்தில் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே சாட்சி, வீட்டில் எல்லாரும் தப்பு என்று ஒதுக்கிய அந்தப் பிறப்புப் பத்திரம்.

வீடு திரும்பும் வழியில் பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "இது தெரிஞ்சேதான் எங்கப்பா என்னை அடிக்காமயே வளத்தாரா?" பேத்தி காரை ஓரமாக நிறுத்தினாள்.

நீலத் தாள்

பெரியவரின் மகள் கிளம்பும்போது சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு நீல ஏரோகிராமை எடுத்துக் கொடுத்தார். ஊரிலிருந்து அவருடைய தாத்தாவுக்கு வந்தது. தபால் முத்திரை மங்கி ஆண்டு தெரியவில்லை. அனுப்பியவர் முகவரியில் பின்கோடு இல்லை. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில், ஆகவே அதற்கு முந்தையது. உள்ளே, ஏழுமலை மகளுக்குக் கல்யாணம் நடந்த சேதி கேட்டுச் சந்தோஷம், கோவிந்தன் செய்தது பெரிய தருமம் என்று ஒரு வரி. ஆகவே 1961-க்குப் பிந்தையது. எழுதியவர் ஏழுமலையின் தமையன். முகவரி: தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா, இன்ன பட்டு.

இந்த முகவரியை இன்றைய வரைபடத்தில் தேடினால் ஜில்லாவே கிடைக்காது. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மலேசியப் பத்திரங்களில் பிறந்த இடம் மெட்ராஸ் என்றிருந்தால் அது சென்னைப் பட்டணம் அல்ல, பழைய மாகாணம் முழுவதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் எத்தனை பேர் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நின்று "இதுதான் தாத்தா ஊர்" என்று படம் எடுத்திருக்கிறார்கள்!

அதே தாலுகாவில் அந்தப் பெயரில் இரண்டு ஊர் இருந்தது. வாக்காளர் பட்டியலைப் பார்த்தோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயர் பேரனுக்கு வரும். ஒரு ஊரில் தமையனின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் மாறி மாறி மூன்று தலைமுறை வந்திருந்தன. சென்னைத் தோழியின் மாமா மூலம் அந்த வீட்டு நம்பர் கிடைத்தது. பேத்தி போன் போட்டாள். மறுமுனையில் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நெலம் எல்லாம் எங்க தாத்தா காலத்துலயே பாகம் பிரிச்சாச்சுங்க."

இதை எதிர்பார்க்க வேண்டும். நமக்கு அது வேர். அவர்களுக்கு அது இரண்டு ஏக்கர். வெளிநாட்டிலிருந்து ஒரு குரல் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லி ஆதாரம் கேட்டால், அடுத்தது வக்கீல் நோட்டீஸ் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டு வாரம் போன் செய்ய வேண்டாம் என்று நிறுத்தினேன். பிறகு பேத்தியை ஏழு கற்களை மட்டும் பற்றிக் கேட்கச் சொன்னேன். மீதி ஐந்து முனிகளின் பெயர் என்ன, பாட்டிக்கு மறந்துபோச்சு. அந்த வீட்டுப் பெரியம்மாள் ஒருவர் குரல் பதிவில் ஏழு பெயரையும் வரிசையாகச் சொல்லி அனுப்பினார், கூடவே கோயிலின் படமும். அதற்குப் பிறகு கதவு திறந்தது.

பயம் தெளிந்த பிறகு, நிலமெல்லாம் முறையாகப் பிரிந்ததைக் காட்டவே, அவர்கள் 1956 பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதில்தான் எங்களுக்கு வேண்டிய வரி இருந்தது. இன்னாரின் இளைய குமாரர் ஏழுமலை மலாயா தேசம் சென்று வெகுகாலமாகத் தகவல் இல்லாதபடியாலும், வாரிசு யாரும் இல்லாதபடியாலும் என்று போகிறது அந்த வாசகம். தகப்பன் பெயர், தமையன் பெயர், தம்பி பெயர், மலாயா, எல்லாம் ஒரே வாக்கியத்தில்.

பேத்தி கூர்மையான பெண். "1956-ல வாரிசு இல்லன்னு எழுதியிருக்காங்க. 1961-க்கு அப்புறம் பாட்டி கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதியிருக்காங்க. அப்ப எப்போ தெரிஞ்சது சார்?" என்று கேட்டாள். நடுவில்தான் தெரிந்திருக்கலாம். தெரிந்தே விட்டும் இருக்கலாம். பெரியம்மாவிடம் கேட்டதற்கு, "கேட்டு என்ன செய்யப் போற? எனக்கு அங்க மாடா கட்டணும்?" என்றார். கேட்கவில்லை.

இன்று நிலவரம்

ஏழுமலை வழி உறுதி என்றே எடுத்துக்கொள்கிறேன். பிறப்புப் பத்திரம், ஏரோகிராம், பாகப்பிரிவினைப் பத்திரம் மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை. மூன்றும் ஒரே ஆளைச் சொல்கின்றன. கோவிந்தன் அதே ஊர்ப் பங்காளி என்பதற்கு ஈஜோக் பெரியவர் வாய்மொழியும், ஊரான் என்ற மொய்க் குறிப்பும்தான் ஆதாரம். எனக்கு அது போதும். நீதிமன்றத்துக்குப் போதாது.

தாள்களை மைலோ டின்னிலிருந்து எடுத்தாயிற்று. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னும் பின்னும் படம் எடுத்தோம். இரும்புக் கிளிப்புகளைக் கழற்றி, அமிலமில்லாத உறையில் தனித்தனியாக வைத்தோம். படங்களின் பின்னால் பேனாவால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதினோம். மணிலா அட்டையும் ஒரு ஆவணம்தான், அதையும் சுருட்டி வைத்திருக்கிறோம். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பெரியவரின் பேச்சும் பெரியம்மாவின் பேச்சும் நான்கு மணி நேரப் பதிவாக இரண்டு பிரதி இருக்கின்றன. அர்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) தனியார் சேகரிப்புகளை வாங்கிக்கொள்கிறது. பிரதிகளைக் கொடுக்கலாமா என்று குடும்பம் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஐ.சி.யில் அப்பா பெயரை மாற்றும் பேச்சை ஒரு மகன் எடுத்தார். பெரியம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

இந்த ஆடி அமாவாசைக்கு நானும் போயிருந்தேன். கூடுதல் இலை வழக்கம்போல விழுந்தது. ஸ்டூடியோ கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பிறப்புப் பத்திரத்தின் நகல் சட்டம் போட்டு நின்றது. படம் இல்லாதவருக்கு அதுதான் படம்.

மீதமிருப்பது அம்மா வழி. இடுப்புக் குழந்தையாக வந்தவரின் ஊர் இன்னும் தெரியவில்லை. சிவப்பு ஐ.சி.யில் மெட்ராஸ் என்றிருக்கிறது, அவ்வளவுதான். மொய் நோட்டில் "மாமன்" என்று குறித்த ஒரு பெயருக்குப் பக்கத்தில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் எண்பத்தெட்டு வயதில் ஒரு பாட்டி இருக்கிறாராம். அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் போகிறோம். பேத்தி புது மணிலா அட்டை வாங்கி வைத்துவிட்டாள்.